தூக்கிப் பிடித்தால் ஓடுகிறது, நிலத்தில் விட்டால் நிற்கிறது

உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். மேலோட்டமாகப் பார்த்தால் எந்த ரோபோ கிட் வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதற்கு முன்னால் எழுதிய நாலு வரியில்தான் விசயம் இருக்கிறது. திருகோணமலை உவர்மலையில் இருக்கிறீர்கள், மகள் தரம் 9 படிக்கிறாள். மூன்று கிழமையாக ஒரு ரோபோக் கார் செய்கிறாள். ரோபோவுக்கு மூளையாக, புரோகிராம் ஏற்றக்கூடிய ஆர்டுயினோ ஊனோ என்ற சிறிய போட், மோட்டர்களுக்கு மின் கொடுக்க, கறுப்பு உலோகச் சிறகு வைத்த சிவப்பு மோட்டர் போட், மஞ்சள் மோட்டர் இரண்டு, 9 வோல்ற்றுச் சதுரப் பற்றரி ஒன்று. கையில் தூக்கிப் பிடித்தால் சில்லுகள் வடிவாகச் சுற்றுகின்றன. நிலத்தில் விட்டால் துடித்துத் துடித்து நிற்கிறது, ஆர்டுயினோவின் விளக்கும் அணைந்து அணைந்து எரிகிறது. கடையில் கேட்டதற்கு, ஆர்டுயினோ போட் பழுது, புதிது வாங்குங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை அழுதுவிட்டு எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு மூடிவிட்டாள். முழு கிட்டாக வாங்கிக் கொடுத்தால் சரியாகுமா, இல்லை இது அவளுக்குச் சரிவராத வேலையா என்று முடித்திருக்கிறீர்கள்.

ஆக, நீங்கள் கேட்பது பிழை பிள்ளையிலா, சாமானிலா என்பதுதான். நீங்கள் எழுதிய அடையாளங்களை வைத்துச் சொல்கிறேன்: பிள்ளையில் பிழையில்லை. போட் பழுதாக இருக்கும் என்றும் நான் நம்பவில்லை. அந்தச் சதுரப் பற்றரியைத்தான் நான் முதலில் பிடிப்பேன்.

நான் 23 வருடமாக இந்த ஊரில் பழுது பார்க்கும் வேலை செய்கிறேன். ரேடியோ, ரிவி என்று தொடங்கி இப்போது கைத்தொலைபேசியும், படகுகளில் பாவிக்கும் ஜிபிஎஸ், மீன் தேடும் கருவி போன்றவையும்தான் அதிகம். சனிக்கிழமைகளில் என் வீட்டு விறாந்தையில் அயல் பிள்ளைகள் நாலைந்து பேர் வந்து ஏதாவது ஓடுகிற, ஊர்கிற, நடுங்குகிற சாமான் செய்வார்கள். நீங்கள் எழுதிய அதே குறையோடு வந்த பிள்ளைகளை எண்ணினால் இரண்டு கை விரலும் போதாது. அநேகமாக எல்லாரும் புரோகிராமைத்தான் திருத்தித் திருத்திக் களைத்திருப்பார்கள்.

என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், மகளையும் பக்கத்தில் இருத்தி வாசியுங்கள். சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டர் ஒரு பக்கம் மின்னைத் தின்கிறது, மறுபக்கம் தானே ஒரு சிறிய டைனமோவாகவும் வேலை செய்து, வரும் மின்னோட்டத்தை எதிர்த்துத் தள்ளுகிறது. பாடப்புத்தகம் இதைப் பின் மின்னியக்க விசை என்கிறது. அதனால் காற்றில் சும்மா சுற்றும் மஞ்சள் மோட்டர் ஒன்று ஏறத்தாழ 150 முதல் 200 மில்லியம்பியர்தான் எடுக்கும். ஆனால் நின்றுகொண்டிருக்கும் மோட்டரில் அந்த எதிர்ப்பு இல்லை. சுருளின் தடை மட்டும்தான் தடுக்கிறது. ஆகவே புறப்படும் அந்தக் கணத்தில் ஒரு மோட்டர் 1 அம்பியர் வரை, சிலவேளை அதற்கு மேலும் இழுக்கும். இரண்டு மோட்டர் என்றால் 2 அம்பியர். தூக்கிப் பிடித்திருக்கும்போது சில்லு உடனே வேகம் எடுத்துவிடுவதால் இந்தக் கணம் கண் சிமிட்டுவதற்குள் கடந்துவிடும். நிலத்தில் வண்டியின் பாரத்தையும் நகர்த்த வேண்டும், அந்தக் கணம் நீள்கிறது. மணலில் நுங்கு வண்டி உருட்டியவர்களின் கைக்கு இது தெரியும். ஓடத் தொடங்கிவிட்டால் லேசு, முதல் தள்ளுதான் பாரம்.

இனிப் பற்றரி. அந்தச் சதுரப் பெட்டிக்குள் சிறிய கலங்கள் ஆறு தொடராக அடுக்கப்பட்டிருக்கின்றன. புகை எச்சரிக்கைக் கருவி, சிறிய ரேடியோ, மல்ரிமீற்றர் போன்ற கொஞ்சமாகக் குடிக்கும் சாமான்களுக்காகச் செய்யப்பட்டது அது. அதற்கு அகத்தடை, அதாவது மின்னோட்டத்துக்குப் பற்றரியே தனக்குள் கொடுக்கும் தடை, அதிகம். புதிய அல்கலைன் 9 வோல்ற்றுப் பற்றரியிலேயே ஏறத்தாழ 2 ஓம் இருக்கும், மலிவான காபன் வகையில் இன்னும் கூட. 2 அம்பியரை 2 ஓமால் பெருக்குங்கள், 4 வோல்ற்று. அதாவது 9 வோல்ற்றில் 4 பற்றரிக்குள்ளேயே கரைந்து, வெளியில் 5 தான் வருகிறது. ஆர்டுயினோ ஊனோவின் கறுப்பு வட்டத் துவாரத்துக்குக் குறைந்தது 7 வோல்ற்றுக் கொடுக்க வேண்டும், அப்போதுதான் அதற்குள் இருக்கும் சீராக்கி ஒழுங்காக 5 வோல்ற்றை உண்டாக்கும். வாசலில் 5 மட்டும் வந்தால் உள்ளே மூன்று சொச்சம்தான் மிஞ்சும். ஒரு கிழமை பாவித்த பற்றரியில் அது இன்னும் விழும். 2.7 வோல்ற்றுக்குக் கீழே போனால் ஊனோவின் சிப் தன்னைத்தானே நிறுத்திப் புதிதாகத் தொடங்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. தொடங்கும்போது மோட்டருக்குக் கட்டளை இல்லை, மோட்டர் ஓய்கிறது, பற்றரி மூச்சு வாங்கி எழும்புகிறது. புரோகிராம் திரும்ப மோட்டரைப் போடுகிறது, வோல்ற்றளவு விழுகிறது, சிப் திரும்ப நிற்கிறது. உங்கள் மகள் பார்த்த துடிப்பு இதுதான். பழுதான சாமான் இப்படி ஒழுங்காகத் துடிக்காது. பசித்த சாமான்தான் துடிக்கும்.

இது என் ஊகம்தான், ஆனால் காசு செலவில்லாமல் பத்து நிமிடத்தில் சரிபார்க்கக்கூடிய ஊகம். முதலில் மோட்டர் வயர்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஆர்டுயினோவைக் கணினியின் யுஎஸ்பியில் மட்டும் கொழுவி, விளக்கு மினுக்கும் சின்னப் புரோகிராமை ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றிக்கொண்டு மினுக்கினால் ஆர்டுயினோ போட் உயிரோடு இருக்கிறது, கடையில் சொன்னது பிழை. அடுத்தது இன்னும் நல்ல சோதனை. அவளுடைய ரோபோப் புரோகிராமின் தொடக்கப் பகுதியில், அதாவது ஒரே ஒரு தடவை ஓடும் பகுதியில், ஊனோவிலேயே இருக்கும் 13ஆம் இலக்க விளக்கு மூன்று தடவை கெதியாக மினுங்கும்படி நாலு வரி சேர்க்கட்டும். பிறகு பற்றரியைக் கொழுவி நிலத்தில் விடுங்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் அந்த மூன்று மினுக்கலும் திரும்பத் திரும்ப வந்தால், சிப் புதிதாகத் தொடங்குகிறது என்பது நிச்சயம், அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. மினுக்கல் வராமல் மோட்டர் மட்டும் நின்றால் நான் சொன்ன கதை பிழை, வேறு இடத்தில் தேட வேண்டும்.

மூன்றாவது சோதனைக்கு மல்ரிமீற்றர் வேண்டும். ஒரு காட்சியைச் சொல்கிறேன். கிண்ணியாவிலிருந்து ஒரு பையன் பாலம் கடந்து பஸ்ஸில் வந்தான். இரண்டாவது ஆர்டுயினோவும் வாங்கிவிட்டான், அதே துடிப்பு. மீற்றரின் சிவப்பு முனையையும் கறுப்பு முனையையும் அவன் கையிலேயே கொடுத்து, பற்றரியின் இரண்டு குமிழிலும் வைக்கச் சொன்னேன். 8.7 என்று காட்டியது. "பற்றரி நல்லாத்தானே இருக்கு" என்றான். நான் சில்லு இரண்டையும் விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவிச்சைப் போடச் சொன்னேன். இலக்கம் 4.1க்கு விழுந்தது, 6க்கு ஏறியது, திரும்ப விழுந்தது. அவன் மீற்றரைப் பார்த்தான், என் விரலைப் பார்த்தான், திரும்ப மீற்றரைப் பார்த்தான். பிறகு என்னை விலக்கிவிட்டுத் தானே சில்லைப் பிடித்தும் விட்டும் ஏழெட்டுத் தடவை செய்து பார்த்தான். நான் அகத்தடை என்ற சொல்லைச் சொன்னது அதற்குப் பிறகுதான். அந்தச் சொல்லை அவன் இனி மறக்கமாட்டான்.

பரிகாரம் பெரிய செலவில்லை. இரட்டை ஏ அளவு ரீசார்ஜ் பற்றரி ஆறு, அவற்றை வைக்க ஒரு பிளாஸ்ரிக் கூடு. நிக்கல் வகை என்றால் ஒன்று 1.2 வோல்ற்று, ஆறும் சேர்த்து 7.2. கேட்க 9ஐ விடக் குறைவு. ஆனால் இந்தக் கலங்களின் அகத்தடை மிகச் சிறியது, 2 அம்பியர் கேட்டாலும் அசையாமல் கொடுக்கும். உங்களிடம் இருக்கும் சிவப்பு போட், எழுதிய அடையாளத்தைப் பார்த்தால் எல் 298 வகை. அது பழைய முறைத் திரான்சிற்றரால் ஆனது, தன் பங்குக்கு 2 வோல்ற்றுக் கிட்டத் தானே தின்றுவிட்டுத்தான் மோட்டருக்குக் கொடுக்கும். அந்தக் கறுப்புச் சிறகு இருப்பதே அந்தச் சூட்டை வெளியேற்றத்தான். 7.2இல் 2 போனால் 5.2. மஞ்சள் மோட்டர் 3 முதல் 6 வோல்ற்றுக்குள் ஓடுவது, கணக்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது. டிபி 6612 என்ற புதிய வகை போட் இவ்வளவு தின்னாது, அடுத்த ரோபோவுக்கு அதை வாங்குங்கள். இருப்பதைத் தூக்கி எறிய வேண்டாம். பழைய பற்றரியையும் புதியதையும் ஒரே கூட்டில் கலக்காமல் பாருங்கள்.

சில பேர் ஆர்டுயினோவுக்குத் தனியாகப் பவர் பேங்க் கொழுவச் சொல்வார்கள். நல்ல யோசனைதான், மூளையும் கால்களும் ஒரே சட்டியில் சாப்பிடாமல் இருப்பது எப்போதும் நல்லது. இரண்டு விசயம் கவனிக்க வேண்டும். பல பவர் பேங்குகள் மிகக் குறைந்த மின்னோட்டம் எடுத்தால், போன் நிறைந்துவிட்டது என்று நினைத்து அரை நிமிடத்தில் அணைந்துவிடும், ஆர்டுயினோ எடுப்பதோ 50 மில்லியம்பியர் அளவுதான். மற்றது, இரண்டு மூலங்களின் மறை முனைகளையும் ஒரு வயரால் சேர்த்தே ஆக வேண்டும். சேர்க்காவிட்டால் ஆர்டுயினோ சொல்வது மோட்டர் போட்டுக்கு விளங்காது. பிள்ளைகள் அதிகம் மறக்கும் வயர் இதுதான்.

கூடவே இரண்டு வகைக் கொள்ளளவி. பாடப்புத்தகத்தில் கொள்ளளவி, கடையில் கப்பாசிற்றர் என்று கேளுங்கள். 104 என்று எழுதிய சிறிய செரமிக் கப்பாசிற்றரை ஒவ்வொரு மோட்டரின் இரண்டு காதுக்கும் நடுவில் பற்றாசு பிடித்துவிட்டால், மோட்டரின் தூரிகை கிளப்பும் மின் இரைச்சல் அடங்கும். 1000 மைக்ரோபரட், 16 வோல்ற்று என்று எழுதிய உருளை ஒன்றை மோட்டர் போட்டின் மின்வாசலில் பூட்டினால், புறப்படும் கணத்தின் பசியைக் கொஞ்சம் தாங்கும். அந்த உருளையில் சாம்பல் கோடு இருக்கும் பக்கம் மறை. மாறிப் பூட்டினால் வீங்கி வெடிக்கும், அதனால் முதல் தடவை நீங்கள் பக்கத்தில் இருங்கள். புரோகிராமிலும் ஒரு சின்ன மாற்றம் செய்யலாம். வேகத்தை 0இலிருந்து ஒரேயடியாக உச்ச அளவான 255க்குத் தூக்காமல், அரை நொடிக்குள் படிப்படியாக ஏற்றட்டும். பாரவண்டி மாட்டை அடித்து எழுப்பாமல் தட்டி எழுப்புவது மாதிரி.

இதெல்லாம் செய்தும் நின்றால்? இனிச் சொல்வது நான் சாமானைக் கையில் எடுத்துப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி. சில்லை மோட்டரோடு பூட்டும்போது அளவுக்கு மேல் உள்ளே தள்ளியிருந்தால் அது உடம்பில் உராயும். அச்சில் தலைமுடி சுற்றியிருக்கலாம். கடற்கரையில் ஓட்டிப் பார்த்திருந்தால் மணல் உள்ளே இருக்கும் பற்சில்லுகளுக்குள் போயிருக்கும், அந்த மஞ்சள் பெட்டி மணலுக்கு மூடப்பட்டதல்ல. மோட்டர் போட்டின் நீல முனைகளில் வயர் ஸ்குரூவுக்குள் பிடிபடாமல் பிளாஸ்ரிக் உறையில் பிடிபட்டிருப்பதும் அடிக்கடி காண்கிற குறை.

எங்கள் ஊருக்கென்று ஒரு குறை இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இணையத்தில் ரோபோ சொல்லித் தருகிறவர்கள் பெரும்பாலும் உலர்ந்த அறையில் இருந்து சொல்கிறார்கள். நாங்கள் மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊரில் இருக்கிறோம். டச்பே பக்கம் வீடு உள்ள ஒரு பிள்ளையின் வயர்களை ஒருநாள் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தோம். கூரான முனைகளில் வெள்ளைப் பூ பூத்திருந்தது, செம்பு தெரியும் இடமெல்லாம் பச்சை. காற்றில் வரும் உப்புத் துகள் உலோகத்தில் படிகிறது. உப்பு தன்பாட்டில் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈர உப்பு ஒரு பக்கம் உலோகத்தை அரிக்கிறது, மறுபக்கம் இரண்டு முனைகளுக்கு நடுவில் மெல்லிய பாலம் போட்டு மின்னைக் கசிய விடுகிறது. நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்று பிள்ளைகள் திகைப்பதில் பாதி இதனால்தான். படகுக் கருவிகளில் நான் பார்க்கும் அதே நோய், சின்ன உருவத்தில். ஐசோப்புரோப்பைல் அற்ககோலை பழைய பல்தூரிகையில் நனைத்துத் துடைத்தால் போகும். வேலை முடிந்ததும் ரோபோவை இறுக்கமாக மூடும் பிஸ்கட் ரின்னில் வையுங்கள், சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டையும் போட்டுவிடுங்கள். வயரிங் சரியென்று உறுதியானதும் குத்தி எடுக்கும் வயர்களை விட்டுவிட்டுப் பற்றாசு பிடித்து நிரந்தரமாக்குவதுதான் எங்கள் காற்றுக்கு ஏற்ற வழி.

இனி கிட் கேள்வி. வாங்க வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. கிட் கூடாத சாமான் அல்ல. பத்துப் பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் சொல்லிக் கொடுக்க வேண்டுமானால் நானே கிட்தான் வாங்குவேன். ஆனால் உங்கள் மகள் இப்போது நிற்கும் இடம் வேறு. சில்லைக் காற்றில் சுற்ற வைத்திருக்கிறாள். அதற்கு வயரிங் சரியாக இருக்க வேண்டும், புரோகிராம் ஏற வேண்டும், திசை சரியாக இருக்க வேண்டும். இவ்வளவும் ஒருவர் பக்கத்தில் நின்று காட்டாமல் தானே செய்திருக்கிறாள். மிஞ்சியிருப்பது ஒரேயொரு முடிச்சு. அந்த முடிச்சுக்குள்தான் முழு இலத்திரனியலும் இருக்கிறது. இப்போது புதுப் பெட்டி ஒன்றைக் கையில் கொடுத்தால், அந்த முடிச்சை அவள் அவிழ்க்காமலே போய்விடுவாள். தான் செய்தது பிழை, கடைக்காரர் செய்தது சரி என்பது மட்டும் மனதில் நிற்கும். கிட்டுக்கு வைத்த காசில் ஒரு சாதாரண மல்ரிமீற்றரும் ஆறு ரீசார்ஜ் பற்றரியும் ஒரு சார்ஜரும் வாங்குங்கள். மீற்றர் அவளுடையதாக இருக்கட்டும், வீட்டுக்குப் பொதுச் சாமானாக அல்ல. கொழும்பு புறக்கோட்டையிலிருந்து தபாலில் வரும்வரை காத்திருக்கிற நாட்களில், நிலத்தில் விட்டபோது என்ன நடந்தது என்று அவள் ஒரு கொப்பியில் எழுதட்டும்.

மூளை பெரிதாக இருந்தால்தான் ரோபோ என்று பலர் நினைக்கிறார்கள். 1948, 49இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கிரே வால்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர் இரண்டு ஆமைகள் செய்தார், எல்மர், எல்சி என்று பெயர். கணினி இல்லை, சிப் இல்லை. ஒவ்வொன்றிலும் பழைய ரேடியோக்களில் இருந்த மாதிரி இரண்டே இரண்டு வால்வு, வெளிச்சத்தை உணரும் ஒரு கண், ஓட்டில் ஏதும் முட்டினால் தெரிய ஒரு தொடுகை, மூன்று சில்லு. பற்றரி நிறைந்திருக்கும்போது கடும் வெளிச்சத்தைக் கண்டால் விலகிப்போகும். பற்றரி இறங்கும்போது அந்த விலகல் குறைந்து, விளக்கு எரியும் தன் கூட்டுக்குள் தானாகப் போய்ச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். பார்த்தவர்கள் அதை உயிருள்ளது மாதிரி உணர்ந்தார்கள். 1951இல் லண்டனில் நடந்த பிரித்தானியத் திருவிழாவிலும் அந்த வகை ஆமைகளைக் காட்சிக்கு வைத்தார்கள். உங்கள் மகளிடம் இருக்கும் ஊனோவில் 16 மெகாஹேர்ட்ஸில் ஓடும் சிப் இருக்கிறது, அந்த ஆமைகளோடு ஒப்பிட்டால் எவ்வளவோ பெரிய மூளை. ஆமைக்குக் குணம் வந்தது அதன் பசியிலிருந்து. பற்றரிச் சிக்கல் தீர்ந்ததும் இந்தக் கதையை அவளுக்குச் சொல்லுங்கள். ஒளி உணர்த் தடையி இரண்டை முன்னால் பூட்டி, ரோச் வெளிச்சத்தைத் துரத்தும் வண்டியாக அதையே மாற்றலாம், ஒரு பின்னேர வேலைதான்.

ஏழு வயது மகனும் தனக்கு ரோபோ வேண்டும் என்று நிற்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். அவனுக்கு ஆர்டுயினோ வேண்டாம். காலியான யோகட் கோப்பையைக் கவிழ்த்து, மூன்று நிறப் பேனாக்களைக் கால் மாதிரி ரேப்பால் ஒட்டுங்கள், முனை கீழே. உடைந்த விளையாட்டுக் காரின் சின்ன மோட்டரைக் கோப்பையின் மேல் ஒட்டி, அதன் அச்சில் ஒரு துண்டு அழிறப்பரை மையம் விலகக் குத்துங்கள். இரட்டை ஏ பற்றரி இரண்டு. மோட்டர் சுற்றும்போது பாரம் ஒரு பக்கம் இழுப்பதால் முழுச் சாமானும் நடுங்கி, கடதாசியில் வட்டம் வட்டமாகக் கீறிக்கொண்டு ஊரும். இறப்பரைச் சற்று நகர்த்தினால் கோலம் மாறும். என் விறாந்தையில் இதைச் சிரட்டையில் செய்தார்கள், நடுக்கம் போதவில்லை. ஏனென்று கேட்டு, சிரட்டையைத் தேய்த்துத் தேய்த்து மெல்லிசாக்கினார்கள், பிறகு அது ஊர்ந்தது. ஒரு எச்சரிக்கை மட்டும். இதற்குப் பொத்தான் பற்றரி பாவிக்கச் சொல்லும் காணொளிகள் உண்டு. சின்னப் பிள்ளை உள்ள வீட்டில் வேண்டாம். விழுங்கினால் தொண்டைக் குழாயை இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே எரித்துவிடும்.

உடைந்த சாமானிலிருந்து மோட்டர் எடுப்பது நல்ல பழக்கம், டிவிடி பிளேயரும் பிரிண்டரும் தங்கச் சுரங்கம். ஆனால் மைக்ரோவேவ் அடுப்பையும் பெரிய முதுகு வைத்த பழைய ரிவியையும் பிள்ளைகள் திறக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ற்றுத் தேங்கி நிற்கலாம். நான் இவ்வளவு வருடத்துக்குப் பிறகும் அவற்றைப் பயத்தோடுதான் திறக்கிறேன். பழைய லப்டொப் பற்றரியிலிருந்து லிதியம் கலம் கழற்றுவதும் இப்போதைக்கு வேண்டாம், குறுக்கே வயர் பட்டால் தீப்பிடிக்கும். கடையில் விற்கும் லிதியம் உருளைகளில் 9900 மில்லியம்பியர் மணி என்று அச்சிட்டிருந்தால் அது பொய் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அளவு உருளையில் நல்லதே 3500 சொச்சம்தான்.

வண்டி ஓடத் தொடங்கினால் அடுத்ததாகத் தடை கண்டு திரும்பும் உணரி வாங்கச் சொல்வாள். இரண்டு கண் மாதிரி இருக்கும் மீயொலி உணரியைக் கொடுங்கள். அது 40 கிலோஹேர்ட்ஸில் கத்தி, எதிரொலி வர எடுக்கும் நேரத்தை அளக்கிறது. ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் போய்வர 58 மைக்ரோ நொடி. சுவரை நன்றாகக் காணும், திரைச்சீலையைக் காணாது, சரிவாக நிற்கும் பலகையிலும் ஏமாறும். எங்கள் வீட்டுப் பூனையில் அது நேரே போய் முட்டியது, உரோமம் ஒலியைக் குடித்துவிடுகிறது. எங்களுக்குக் கேட்காத அந்தச் சத்தம் பூனைக்குக் கேட்கும், காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. கறுப்புக் கோட்டைப் பின்தொடரும் அகச்சிவப்பு உணரி வேறு கதை. இரவில் மின்குமிழ் வெளிச்சத்தில் ஒழுங்காக ஓடும், பின்னேரம் 3 மணிக்கு விறாந்தையில் விட்டால் பைத்தியம் பிடித்த மாதிரிச் சுற்றும். எங்கள் வெயிலில் உள்ள அகச்சிவப்புக் கதிர் உணரியின் சின்ன விளக்கை அமுக்கிவிடுகிறது. உணரியைச் சுற்றிக் கறுப்பு மட்டையால் சின்னப் பாவாடை கட்டிவிட்டால் பெரும்பாலும் அடங்கும். அதையும் முதலில் சொல்லிவிடாமல், அவளே வெயிலில் ஒருமுறை விட்டுப் பார்க்கட்டும்.

இப்போதைக்கு எனக்கு மூன்று இலக்கம் வேண்டும். மோட்டர் ஓடாதபோது பற்றரியில் எத்தனை வோல்ற்று, சில்லு காற்றில் சுற்றும்போது எத்தனை, நிலத்தில் விட்டுத் துடிக்கும்போது எத்தனை. மீற்றர் இல்லையென்றால் அந்த மூன்று மினுக்கல் சோதனையின் பதிலே போதும். இதே கேள்வியின் கீழ் எழுதுங்கள், வேலை முடித்து இரவு எட்டு மணிக்குப் பிறகு பார்ப்பேன். இலக்கத்தை உங்கள் மகளே அளந்து, அவளே எழுதட்டும்.